இசைத்தட்டுகளில் நான் கண்ட எல்லிங்டன்

ஜாஸ் என்ற சொல்லைக் கேட்டதும், அது மேல்நாட்டு ஓட்டல்களில் ஆடுவோருக்காக எழுப்பப்படும் வெற்று ஆரவாரம் என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. அவர்களோடு வாதிட்டு வெல்வது என் நோக்கமன்று. அந்த இசையில் ஒரு குழுவை ஐம்பது ஆண்டுக் காலம் கட்டிக் காத்த ஒரு மனிதரின் வாழ்வை, அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளின் வழியே நான் அறிந்த அளவில், சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் எட்வர்டு கென்னடி எல்லிங்டன். ‘டியூக்’ எல்லிங்டன் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

எங்கள் ஊர் வெள்ளறடை. குரிசுமலையும் காளிமலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஊர்ப்புறம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டும், திருவிழாவில் நாகஸ்வரமும் செண்டையும், தேவாலயத்தில் பாடகர் குழுவும் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுடையவை. அங்கே எல்லிங்டன் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்பீர்கள். என் சின்னப் பாட்டா கல்கத்தாவில் நெடுநாள் உத்தியோகம் பார்த்தவர். அங்கே பிரீ ஸ்கூல் தெருவில் பழைய இசைத்தட்டுக் கடைகள் பெயர் பெற்றவை. அவர் ஓய்வு பெற்றுத் திரும்பியபோது ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டுகள் வந்தன. அவர் காலத்துக்குப் பின் பெட்டி பரணில் கிடந்தது. உறைகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. பிளேயரை மார்த்தாண்டத்தில் கொடுத்துப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. ஆண்டு வரிசை என்று எதுவும் இல்லை. 1927-இன் இசையும் 1967-இன் இசையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஆகவே நான் எல்லிங்டனைப் பிறப்பிலிருந்து அறியவில்லை, ஏறக்குறைய முடிவிலிருந்து அறிந்தேன்.

முதலில் எடுத்த தட்டு ‘ஃபார் ஈஸ்ட் சூட்’. அதை எடுத்ததற்குக் காரணம் எளிது. ஒரு பாட்டின் பெயரில் டில்லி இருந்தது, இன்னொன்றின் பெயர் ஆக்ரா. 1963-இல் அமெரிக்க அரசு எல்லிங்டன் குழுவைக் கீழை நாடுகளுக்கு அனுப்பியது. டில்லி, ஐதராபாத், பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று சுற்றிய குழு நம் சென்னைக்கும் வந்தது, இலங்கைக்கும் போயிற்று. டில்லியில் எல்லிங்டன் நோயுற்று மருத்துவமனையில் படுத்துவிட, அவருடைய துணை இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்ன் பியானோவில் அமர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் அதிபர் கென்னடி கொலையுண்டதும் பயணம் பாதியில் நின்றது. தட்டு பதிவானது 1966 டிசம்பரில்.

அதில் தபலா இருக்கும், சிதார் இருக்கும் என்று நினைத்தே ஊசியை வைத்தேன். ஒன்றுமில்லை. டில்லியில் கேட்ட மைனாவின் குரலைக் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாஜ்மகாலைப் பற்றிய பாட்டில் ஹாரி கார்னியின் பெரிய சாக்ஸஃபோன் தாழ்ந்த குரலில் தனியே நடக்கிறது. கேட்ட இசையைப் போலி செய்ய எல்லிங்டன் விரும்பவில்லை. மூன்றாண்டு மனத்தில் ஊறவிட்டுத் தம் மொழியிலேயே சொன்னார். இன்னொரு செய்தி: அத்தட்டில் மிகவும் புகழ்பெற்ற ‘இஸ்ஃபஹான்’ என்ற பாட்டு, அந்தப் பாரசீக நகரைக் காண்பதற்கு முன்பே ஸ்ட்ரேஹார்ன் வேறு பெயரில் இயற்றியது. ஊர்ப் பெயரை நம்பி இசையைக் கேட்கக் கூடாதென்று அதை அறிந்த நாள் முதல் எனக்குத் தோன்றியது.

ஜாஸ் என்ற பெயரே எல்லிங்டனுக்குப் பிடிக்காது. இசைக்கு வேலி போடுவது அவருக்கு ஒவ்வாது. 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி, இரண்டு பக்கமும் ‘நீ எந்தப் பக்கம்?’ என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த மனிதரின் எரிச்சல் நன்றாகவே விளங்கும்.

அவர் பிறந்தது 1899 ஏப்ரல் 29, வாஷிங்டன் நகரில். தந்தை ஒரு வெள்ளை மருத்துவர் வீட்டில் பணியாளர். சில வேளைகளில் வெள்ளை மாளிகை விருந்துகளுக்கும் பரிமாறச் சென்றவர். தாய் டெய்ஸி மகனை உலகத்தின் மாணிக்கம் என்று நம்பி வளர்த்தார். பிள்ளைக்கோ பியானோவைவிடப் பந்தாட்டமே பெரிது. நடை உடையின் மிடுக்கைக் கண்ட நண்பன் ஒருவன் வைத்த பெயர்தான் ‘டியூக்’, அதாவது கோமகன். ஓவியமும் அவருக்குக் கைவந்தது. நடன விருந்துக்கு விளம்பரப் பலகை எழுதச் சொல்லி வருவோரிடம் இசைக்கு யார் என்று கேட்பாராம். இசைக்கு அழைப்போரிடம் பலகை யார் எழுதுகிறார் என்று கேட்பாராம். பிழைக்கத் தெரிந்த பிள்ளை! 1923-இல் நியூயார்க் சேர்ந்தார்.

1927 டிசம்பரில் ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப்பில் அவர் குழு அமர்ந்தது. மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தவர். கீழே அமர்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர் மட்டுமே. வனாந்தரக் காட்சிகளை அமைத்து, ஆப்பிரிக்கக் காட்டைப் பார்ப்பது போன்ற மயக்கத்தை வந்தவர்களுக்கு அளித்த இடம் அது. அந்த இழிவுக்குள் இருந்துகொண்டு எல்லிங்டன் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். ‘பிளாக் அண்டு டான் ஃபாண்டஸி’ என்னும் 1927-ஆம் ஆண்டுத் தட்டைக் கேளுங்கள். குழாய் அடைப்பு நீக்கும் ரப்பர்க் கிண்ணத்தால் டிரம்பெட்டின் வாயை மூடியும் திறந்தும் பப்பர் மைலி அதை உறுமவும் அழவும் வைக்கிறார். கேளிக்கைக்கென்று வந்தவர்களின் செவியில் ஓர் ஒப்பாரி விழுகிறது. இறுதியில் ஷோபினின் சவ ஊர்வல இசை வந்து முடிக்கிறது. வானொலி அந்த இசையை நாடெங்கும் கொண்டு சென்றது.

1930-இன் ‘மூட் இண்டிகோ’வை நான் பெட்டியில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ எடுத்தேன். மூன்றே கருவிகள் மெல்ல ஊதுகின்றன. ஆனால் எது எது என்று பிடிபடவில்லை. பல நாள் கேட்டபின்தான் சூழ்ச்சி விளங்கிற்று. மேலே ஒலிக்க வேண்டிய கிளாரினெட் அடியில் கிடக்கிறது. அடியில் கிடக்க வேண்டிய டிராம்போன் மேலே ஏறி டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒலிவாங்கியின் முன் அவை கலக்கும்போது இல்லாத நான்காவது குரல் ஒன்று கேட்பது போன்ற பிரமை உண்டாகிறது. இசைத்தட்டு என்னும் பொருளையே ஒரு கருவியாக்கிக் கொண்டவர் இவர்.

அக்காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவே. விடிய விடிய ஓர் இராகத்தை வாசித்த நம் நாகஸ்வர வித்துவான்களும் அதே சிறையில்தான் அடைபட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். எல்லிங்டன் அந்த மூன்று நிமிடத்தில் காவியம் செய்யக் கற்றார்; பின்பு அதை உடைக்கவும் முயன்றார். 1935-இல் தாய் இறந்த துயரில் அவர் இயற்றிய ‘ரெமினிசிங் இன் டெம்போ’ நான்கு பக்கங்களுக்கு நீண்டது. விமரிசகர் பலர் அவரைக் கடிந்தனர். 1943 ஜனவரியில் கார்னகி மண்டபத்தில் தம் இனத்தின் வரலாற்றையே முக்கால் மணி நேர இசையாக்கி ‘பிளாக், பிரவுன் அண்டு பேஜ்’ என்று அரங்கேற்றினார். அதற்கும் ஏச்சுத்தான் மிகுதி. முழுமையாக அதை அவர் பின்னர் மேடையேற்றவே இல்லை எனலாம். ஒரு கலைஞன் எத்தனை பெரிய பாத்திரத்தில் சமைக்கலாம் என்பதைப் பிறர் முடிவு செய்வது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

பெட்டியிலேயே அதிகம் தேய்ந்திருந்தவை 1940-ஆம் ஆண்டுப் பாட்டுகள். பாட்டாவுக்கும் அவைதான் உயிர் போலும். மற்றக் குழுக்களில் இரண்டாம் டிரம்பெட், முதல் சாக்ஸஃபோன் என்று எழுதுவார்கள். எல்லிங்டன் ஆளுக்காக எழுதினார். கூட்டி வில்லியம்ஸ் என்னும் டிரம்பெட் கலைஞருக்கென்று ‘கன்செர்ட்டோ ஃபார் கூட்டி’ பிறந்தது. ஜிம்மி பிளான்டன் என்ற இளைஞர் பின்னணியில் தாளம் காட்டிவந்த பேஸ் கருவியைப் பேச வைத்தார். ‘ஜாக் தி பேர்’ என்ற தட்டில் கேட்கலாம். காசநோய் அவரை 1942-இல், 23 வயதில், கொண்டுபோயிற்று. ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸஃபோன் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அழகை நம் கமகம் கேட்ட காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

குறையும் சொல்ல வேண்டும். குழுவினர் ஊதிப் பழகிய துண்டு மெட்டுகள் பல எல்லிங்டன் பெயரில் பாட்டாக வெளிவந்தன. ஹாட்ஜஸ் மேடையிலேயே விரல்களால் பணம் எண்ணுவது போலச் சைகை காட்டுவாராம். தட்டுகளின் நடுச் சீட்டில் மேலாளர் இர்விங் மில்ஸின் பெயரும் ஆக்கியோன் வரிசையில் நிற்பதைக் காணலாம். அவர் எல்லிங்டனிடமே பங்கு கொண்டவர். குழுவின் அடையாளப் பாட்டான ‘டேக் தி ஏ டிரெயின்’ எல்லிங்டனுடையது என்றே பலர் எண்ணுகின்றனர். அது ஸ்ட்ரேஹார்னுடையது.

ஆனால் அந்தப் பாட்டுப் பணம் எங்கே போயிற்று என்பதையும் பாருங்கள். போருக்குப் பின் பெரிய குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எல்லிங்டன் மட்டும் தம் பாட்டுகளின் உரிமைத் தொகையைக் கொட்டிக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்தார். இரவில் எழுதியதை மறுநாளே அவர்கள் ஊதக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு விடுதி கிடைக்காது. ஆகவே 1930-களில் தனி இரயில் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து அவற்றிலேயே உண்டு உறங்கிப் பயணம் செய்தார்கள்.

1956 ஜூலை 7 இரவு நியூபோர்ட் விழாவில், அவர் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதியிருந்த நேரத்தில், பால் கொன்சால்வ்ஸ் சாக்ஸஃபோனை எடுத்து ஒரே மெட்டை 27 சுற்றுத் தொடர்ந்து ஊதினார். கூட்டம் எழுந்து ஆடிற்று. அந்தத் தட்டில் கொன்சால்வ்ஸின் ஒலி மட்டும் எங்கோ தொலைவில் கேட்கும். அவர் தவறான ஒலிவாங்கியை நோக்கி ஊதிவிட்டார்! அந்த ஒலிவாங்கி ‘அமெரிக்காவின் குரல்’ வானொலிக்குரியது. அதன் நாடா பல்லாண்டு கழித்துக் கிடைத்து, 1999-இல் இரண்டையும் இணைத்து வெளியிட்டார்கள். பாட்டாவின் தட்டில் மங்கிக் கேட்ட அவரை, இணையத்தில் கிடைக்கும் அந்தப் பதிப்பில் பக்கத்திலிருப்பது போலக் கேட்டேன். 1962-இல், தமக்கு 63 வயதில், அடுத்த தலைமுறைப் புரட்சிக்காரர்களான மிங்கஸ், மாக்ஸ் ரோச் இருவருடனும், அதே மாதத்தில் ஜான் கோல்ட்ரேனுடனும் எல்லிங்டன் தட்டுப் பதிந்தார். கோல்ட்ரேனுக்கு அவர் வாசிக்கும் பின்னணியில் சில சுரங்களே உண்டு.

1965-இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப் பரிந்துரைத்தனர். மேல் குழு மறுத்துவிட்டது. நடுவர் இருவர் பதவி விலகினர். 1999-இல், பிறந்து நூறாண்டு ஆனபோது, அதே சிறப்பை அளித்தார்கள். வாங்க அவர் இல்லை. 1969-இல் எழுபதாம் பிறந்தநாளுக்கு வெள்ளை மாளிகையில் விருந்து நடந்தது. தந்தை பரிமாறிய மாளிகை அது.

1967 மே மாதம் ஸ்ட்ரேஹார்ன் புற்றுநோயால் மறைந்தார். ஆகஸ்டில் அவர் பாட்டுகளை மட்டுமே கொண்டு ஒரு தட்டுப் பதிந்தார்கள். வேலை முடிந்து கருவிகளை உறைகளில் இடும் நேரம். நாற்காலி ஓசையும் பேச்சுக் குரலும் நாடாவில் கேட்கின்றன. எல்லிங்டன் மட்டும் பியானோவை விட்டு எழவில்லை. நண்பருடைய ‘லோட்டஸ் பிளாசம்’ என்ற தாமரைப் பாட்டைத் தனியே வாசிக்கத் தொடங்குகிறார். சிறிது சிறிதாகப் பேச்சு அடங்குகிறது. அதையும் தட்டில் சேர்த்தார்கள்.

1974 மே 24 அன்று எல்லிங்டன் நியூயார்க்கில் காலமானார். குழுவை மகன் மெர்ஸர் ஏற்றார். 17 வயதில் வந்து சேர்ந்து, 47 ஆண்டுகள் எல்லிங்டனை விட்டுப் பிரியாமல், பல இரவுகள் அவரைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிச் சென்ற ஹாரி கார்னி, ‘ஆக்ரா’வை ஊதிய அந்தக் கார்னி, அவ்வாண்டு அக்டோபரிலேயே இறந்துபோனார்.