ஜானி யூனிடஸ்: வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் 'தங்கக் கை' ஆனது எப்படி?

முதல் வேலையிலேயே, திறமையைக் காட்ட ஒரு வாய்ப்புகூடத் தராமல் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வீங்க? 1955-ல் ஜானி யூனிடஸுக்கு அதுதான் நடந்தது.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்க ஃபுட்பால் நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், வீசுவதும்தான் அதில் முக்கியம். பந்தை வாங்கி, யாருக்கு வீசுவது என்று சில நொடிகளில் முடிவெடுப்பவர்தான் குவாட்டர்பேக்.

6 டாலர் ஆட்டக்காரர்

1933-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த யூனிடஸ், ஐந்து வயதில் அப்பாவை இழந்தார். நாலு பிள்ளைகளையும் அம்மாதான் வேலைக்குப் போய் வளர்த்தார். லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஆடிய அவரை சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் தேர்வு செய்தது. ஆனால் சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிட்டது.

பகலில் கட்டுமான வேலை. வார இறுதியில் ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்கு உள்ளூர் அணியில் விளையாட்டு. இப்படித்தான் அந்த ஆண்டு போனது.

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி அவரை மாற்று வீரராக எடுத்தது. முதன்மை வீரரின் கால் முறிந்ததால் களமிறங்கினார். அவர் வீசிய முதல் பந்தையே எதிரணி பறித்துக்கொண்டு போய்ப் புள்ளி எடுத்தது. ஆனாலும் அணி அவரை மாற்றவில்லை.

ஊரே பார்த்த ஆட்டம்

1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். இறுதிப் போட்டி. கடைசி இரண்டு நிமிடங்களில் கோல்ட்ஸ் 14-17 என்று பின்தங்கியிருந்தது. யூனிடஸ் பதறாமல் அடுத்தடுத்து வீசி அணியை முன்னே நகர்த்தினார். ஏழு நொடிகள் மிச்சமிருக்கும்போது ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 23-17 வெற்றி. அமெரிக்க வீடுகளின் டிவிக்குள் இந்த விளையாட்டைக் கொண்டுபோன ஆட்டமாக அது இன்றும் பேசப்படுகிறது.

தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச்டவுன் பந்து வீசிய அவரது சாதனையை முறியடிக்க 2012 வரை யாராலும் முடியவில்லை.

கை கொடுத்த விலை

1974-ல் ஓய்வு. பழைய காயங்களால் பின்னாளில் வலது கை விரல்கள் செயலிழந்தன. கோல்ஃப் மட்டையைப் பிடிக்கக்கூட கையைப் பட்டையால் கட்ட வேண்டியிருந்தது. ஊனத்துக்கான உதவித்தொகையோ கிடைக்கவில்லை. 55 வயதுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் கை மோசமானதோ அதற்குப் பிறகு.

அந்தக் கையின் பெயரில்தான் அவரது அறப்பணியும் நடந்தது. 1987 முதல் சிறந்த கல்லூரி குவாட்டர்பேக்குக்கு 'கோல்டன் ஆர்ம்' விருது தரப்படுகிறது. ஆட்டம் மட்டுமல்ல, படிப்பும் நடத்தையும் சேர்த்தே கணக்கில் எடுக்கப்படும். அதை நடத்தும் அவரது அறக்கட்டளை, விளையாடும் மாணவர்களின் படிப்புக்கும் பண உதவி செய்கிறது.

2002 செப்டம்பர் 11 அன்று மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 69. விருது இன்றும் அவர் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது.