திருவுளச்சீட்டை விட்டுத் திருவுளத்தை நாடியவர்: ஜோர்ஜ் முல்லர்

வெளிநாடு செல்வதா, காணியை விற்பதா, பிள்ளையின் திருமணப் பேச்சை முற்றாக்குவதா என்ற கேள்விகள் எழும்போது இறைவனின் சித்தத்தை அறிய விரும்பாத கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே. அதனை அறியும் வழி எது என்பதில்தான் மயக்கம் ஏற்படுகின்றது. கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாகக் கொள்வோர் உளர். சீட்டெழுதிப் போட்டுப் பார்ப்போரும், தீர்க்கதரிசனம் உரைப்போரைத் தேடி ஊரூராக அலைவோரும் உளர். அவர்களுக்கு ஏதோவொரு முடிவு கிடைத்துவிடுகின்றது. மன அமைதி மட்டும் கிடைப்பதில்லை.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தவறைச் செய்து, அதிலிருந்து மீண்டு, பிற்காலத்தில் இறைநம்பிக்கைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்ட ஒருவர் ஜோர்ஜ் முல்லர். எவரிடமும் கைநீட்டாமல் பத்தாயிரத்துக்கும் அதிகமான அநாதைப் பிள்ளைகளை வளர்த்தவர் என்று அவரைப் பற்றிப் பிரசங்க மேடைகளில் பேசப்படுவதுண்டு. ஆனால் அற்புதங்களின் தொகுப்பாக மட்டும் அவரது வாழ்வைக் காண்போர், அந்த நம்பிக்கையின் பின்னாலிருந்த கண்டிப்பான ஒழுக்கத்தைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர்.

முல்லர் 1805 செப்டெம்பர் 27 ஆம் திகதி பிரஷ்ய இராச்சியத்தைச் சேர்ந்த குரொப்பன்ஸ்ரெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அரசாங்கத்துக்கு வரி அறவிடும் உத்தியோகத்தர். பிள்ளைகள் பணத்தைக் கையாளப் பழக வேண்டுமென்று கருதிய அவர், அவர்களுக்குச் செலவுக்குப் பணம் கொடுத்துக் கணக்குக் கேட்பது வழக்கம். மகனோ பொய்க்கணக்கு எழுதப் பழகிக்கொண்டான். பத்து வயதாகும் முன்னரே தந்தையின் பொறுப்பிலிருந்த அரசாங்கப் பணத்தில் கைவைத்தான். தாயார் இறந்துகொண்டிருந்த இரவில் அதனை அறியாது சீட்டாடிக்கொண்டிருந்தான். திடப்படுத்தலுக்கு முன்னர் குருவானவரிடம் கொடுக்கும்படி தந்தை தந்த பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து மீதியைத் தானே வைத்துக்கொண்டான். பதினாறு வயதில் விடுதிகளில் தங்கிப் பணம் செலுத்தாமல் நழுவ முயன்றபோது பிடிபட்டு, மூன்று வாரங்களுக்கு மேல் சிறையிலிருந்தான். தந்தையார் பணம் கட்டியே மகனை மீட்க வேண்டியிருந்தது.

இத்தகைய இளைஞன் குருத்துவக் கல்வி கற்பதற்காக ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது, நிரந்தர வருமானமுள்ள சுகவாழ்வு கிடைக்குமென்ற தந்தையின் விருப்பத்தினாலேயே. அங்கு 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர் ஒருவருடன் சாதாரண வீடொன்றில் நடைபெற்ற ஜெபக்கூட்டத்துக்குச் சென்றார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதைக் கண்டார். அதுவரை அவர் எவரும் அவ்வாறு ஜெபிக்கக் கண்டதில்லை. அந்த மாலைப்பொழுதே அவருடைய வாழ்வின் திருப்புமுனையாயிற்று.

மனம் திரும்பியவுடன் இறைவழிநடத்தலை அறியும் முதிர்ச்சி வந்துவிடவில்லை. மிஷனரியாகச் செல்வதா என்பதை அறிவதற்கு அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்ததோடு, அரசாங்க லொத்தர்ச் சீட்டொன்றையும் வாங்கினார். பரிசு விழுந்தால் போவது, விழாவிட்டால் இருப்பது என்பது தீர்மானம். சிறுதொகையொன்று பரிசாக விழுந்தது. மகிழ்ச்சியுடன் பேர்லினிலிருந்த மிஷன் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். தந்தையின் சம்மதம் இல்லாமையால் அவர் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பொறுமையுடன் காத்திருந்து கேட்க வேண்டியதை அவசரப்பட்டுச் சீட்டிடம் கேட்டதே தமது பிழை என்பதை அவர் பின்னர் உணர்ந்தார்.

மகன் மிஷனரியாவதை விரும்பாத தந்தையிடமிருந்து இனிப் பணம் பெறுவது நேர்மையன்று என்றும் முல்லர் முடிவு செய்தார். கல்விச் செலவுக்கு வழி தெரியாதிருந்த அவ்வேளையில், ஹாலேக்கு வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஜேர்மன் மொழி கற்பிக்கும் வேலை கிடைத்தது. குறுக்குவழியில் பணம் தேடியே பழகியவருக்கு நேர்வழியில் கிடைத்த அந்த ஊதியம் புதிய பாடமாக அமைந்தது.

ஹாலேயில் அவர் இரண்டு மாதங்கள் தங்கியிருந்த இடமும் குறிப்பிடத்தக்கது. அது ஓகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற இறையியலாளர் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய அநாதை இல்லம். இதே ஹாலேயில் பயின்ற சீகன்பால்க் 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர் என்பதால், தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலும் அந்நகருக்கு இடமுண்டு. பிராங்கேயின் முன்மாதிரி முல்லரின் உள்ளத்தில் விதையாக விழுந்திருந்தது.

1829 இல் இங்கிலாந்து சென்ற முல்லர், மறு ஆண்டில் டின்மத் என்னும் கரையோர ஊரிலுள்ள சிறு சபையொன்றின் போதகரானார். அதே ஆண்டு ஒக்டோபரில் மேரி குரோவ்ஸ் என்பவரை மணந்தார். அச்சபையில் ஆசனங்களுக்கு வாடகை அறவிடப்பட்டு, அதிலிருந்தே போதகருக்குச் சம்பளம் வழங்கப்பட்டது. வசதியுள்ளவருக்கு நல்ல ஆசனமும் ஏழைக்கு மோசமான ஆசனமும் கிடைக்கும் இம்முறை சுவிசேஷத்துக்கு முரணானது எனக் கண்ட முல்லர், சம்பளமே வேண்டாமென்றார். விரும்பியவர்கள் காணிக்கையிடுவதற்காகப் பெட்டியொன்று மட்டும் வைக்கப்பட்டது. புதுமணத் தம்பதியர் நிரந்தர வருமானத்தைத் துறந்தது அன்று பலருக்கும் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றியிருக்கும்.

1832 இல் நண்பர் ஹென்றி கிரெய்க்குடன் பிரிஸ்டல் நகருக்குச் சென்றார். அவ்வாண்டு அங்கு வாந்திபேதி பரவியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருக்களில் நின்றனர். ஆயினும் அநாதை இல்லம் தொடங்கியதற்கு இரக்கம் மட்டுமே காரணமன்று. தமது சபையாரைச் சந்திக்கச் சென்றபோதெல்லாம் அவர் கண்டது ஒரே காட்சியையே. குடும்பத்தைக் காப்பாற்ற முடியாது போய்விடுமோ என்ற அச்சத்தில் நாளொன்றுக்குப் பதினான்கு, பதினாறு மணித்தியாலம் உழைத்து உடலையும் ஆன்மாவையும் கெடுத்துக்கொண்ட தொழிலாளர். நேர்மையாக நடந்தால் வியாபாரம் படுத்துவிடுமென்று மனச்சாட்சியை விற்ற வணிகர். முதுமையில் யார் பார்ப்பார் என்று கலங்கிய முதியோர். இறைவன் இன்றும் நம்பத்தக்கவர் என்பதைக் கண்ணால் காணக்கூடிய ஓர் அத்தாட்சி இவர்களுக்குத் தேவை என்று முல்லர் கருதினார். ஏழையொருவன் எவரிடமும் கேட்காமல், ஜெபத்தினால் மட்டும் ஓர் இல்லத்தை நடத்திக் காட்டினால் அதுவே அத்தாட்சியாகும் என்பது அவருடைய எண்ணம்.

1836 ஏப்ரல் 11 ஆம் திகதி, வில்சன் வீதியிலுள்ள வாடகை வீடொன்றில் பெண்பிள்ளைகளுக்கான முதல் இல்லம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அவரே மறைக்காமல் எழுதி வைத்துள்ளார். வீடு, பணம், தளபாடங்கள், உதவியாளர் என ஒவ்வொன்றுக்காகவும் அவர் ஜெபித்திருந்தார். விண்ணப்பங்களை ஏற்பதற்குக் குறித்த நாளில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தும் ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளுக்காக மட்டும் ஜெபிக்க மறந்திருந்தமை அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. மறுநாள் முதலாவது விண்ணப்பம் வந்தது.

1838 தொடக்கம் சில ஆண்டுகள் கடும் சோதனைக் காலமாயின. அடுத்த வேளை உணவுக்குப் பணமில்லாத நாட்கள் பல. கடன் வாங்குவதில்லை, தேவையை வெளியாருக்குச் சொல்வதில்லை என்ற இரு விதிகளையும் அவர் தளர்த்தவில்லை. இல்லத்தில் பணிபுரிந்தோர் தம்மிடமிருந்த சில்லறையைக் கொடுத்தனர். விற்கக்கூடிய பொருட்களை விற்றுக் கொடுத்தனர். 1841 டிசெம்பரில் வருடாந்தப் பொதுக்கூட்டம் நெருங்கியபோது கையில் ஏதும் இருக்கவில்லை. கூட்டத்தில் நிலைமையைச் சொன்னாலே பணம் வந்திருக்கும். அதனாலேயே கூட்டத்தையும் அறிக்கையையும் பல மாதங்கள் ஒத்திவைத்தார். அறிக்கை வெளியிடுவதே மறைமுகமாகக் கேட்பதுதானே என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. அவ்விமர்சனத்தை மதிப்பிடும்போது இந்த ஒத்திவைப்பையும் நினைவிற்கொள்வது நியாயமாகும்.

இந்நெருக்கடியின் நடுவே 1841 இல் அவர் கண்டறிந்த ஓர் உண்மை அவருடைய எஞ்சிய வாழ்நாளை வழிநடத்தியது. காலையில் எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை ஊழியமன்று. தன் உள்ளத்தை இறைவனில் மகிழ்ச்சியும் அமைதியும் பெறச் செய்வதே என்பதாகும். அதன்பின் வேதாகமத்தை மெதுவாக வாசித்துத் தியானித்து, அதிலிருந்து எழும் ஜெபத்துடன் நாளைத் தொடங்கினார். பிரச்சினை தீர்ந்த பின்னரே அமைதி வரும் என்பது நமது எண்ணம். அவரோ அமைதியை முதலில் பெற்றுக்கொண்டு, அதன் பின்னர் பிரச்சினையைக் கையிலெடுத்தார்.

1845 ஒக்டோபரில் வில்சன் வீதி அயலவர் ஒருவர், பிள்ளைகளின் இரைச்சல் தொல்லையாக இருப்பதாக மரியாதையுடன் கடிதம் எழுதினார். முல்லர் கோபமடையவில்லை, உடனே அடையாளமும் தேடவில்லை. அவ்விடத்தை விட்டு நீங்குவதற்கான காரணங்களையும் அங்கேயே இருப்பதற்கான காரணங்களையும் தனித்தனியாக எழுதி நிறுத்துப் பார்த்தார். சக ஊழியர்களிடம் ஆலோசனை கேட்டார். மனைவியுடன் நாள்தோறும் ஜெபித்தார். ஐந்து வாரங்களின் பின்னர் ஆயிரம் பவுண் நன்கொடை கிடைத்தது. 1846 பெப்ரவரியில் நகரின் எல்லையிலுள்ள ஆஷ்லி டவுன் என்னுமிடத்தில் பொருத்தமான காணியைக் கண்டு உரிமையாளரைத் தேடிச் சென்றார். வீட்டிலும் அவரில்லை, அலுவலகத்திலும் இல்லை. அன்றிரவே மீண்டும் செல்லலாம் என்றபோதும் முல்லர் செல்லவில்லை. மறுநாட் காலை சென்றபோது, இரவு தூக்கமின்றிக் கிடந்த உரிமையாளர், ஏக்கர் 200 பவுணுக்கு விற்க எண்ணியிருந்த காணியை 120 பவுணுக்குத் தருவதாகத் தாமே கூறினார். தேவையான பணம் சேரும்வரை கட்டட வேலையை ஆரம்பிக்காத முல்லர், 1849 ஜூனில் 300 பிள்ளைகளுக்கான முதல் மனையைத் திறந்தார். 1870 அளவில் அங்கு ஐந்து மனைகளில் 2,050 பிள்ளைகளுக்கு இடமிருந்தது.

அவர் பின்பற்றிய வழியைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். முதலில் அந்த விடயத்தில் தன் சொந்த விருப்பத்தை ஒதுக்கிவைப்பது, உணர்ச்சியை மட்டும் நம்பாதிருப்பது, வேத வசனத்துக்கு முரணான எதனையும் தூய ஆவியின் ஏவுதல் என்று கொள்ளாதிருப்பது, சூழ்நிலைகளைக் கவனிப்பது, ஜெபிப்பது, இறுதியில் அறிவைப் பயன்படுத்தித் தீர்மானித்து, தொடர்ந்து ஜெபித்தும் மனம் அமைதியாக இருந்தால் செயற்படுவது. இவற்றுள் முதலாவதே மிகக் கடினமானது என்பது அவருடைய அனுபவம். முன்னரே முடிவெடுத்துவிட்டு அதற்கு இறைவனின் ஒப்பம் தேடும் நமக்கு அது ஏன் கடினமென்பது விளங்கும்.

1857 நவம்பர் இறுதியில் முதலாவது மனைக்கு வெப்பமூட்டிய கொதிகலனில் கசிவு ஏற்பட்டது. அதனைச் சுற்றியிருந்த செங்கற்கட்டை உடைத்தாலன்றித் திருத்த முடியாது. அதற்கு நெருப்பை அணைக்க வேண்டும். வேலைக்கு நாள் குறித்த பின்னர் கடும் வாடைக்காற்று வீசத் தொடங்கியது. குளிரில் முந்நூறு பிள்ளைகளின் நிலை என்ன? வாடை தென்றலாக மாறவும், வேலையாட்கள் மனமுவந்து உழைக்கவும் முல்லர் ஜெபித்தார். முதல்நாள் மாலைவரை வாடையே வீசியது. குறித்த நாளில் தென்றல் வீசியது. வேலையாட்கள் இரவிரவாகப் பணியாற்ற முன்வந்தனர். ஏறத்தாழ முப்பது மணித்தியாலத்தில் மீண்டும் நெருப்பு மூட்டப்பட்டது. இதனைத் தற்செயல் என்போர் இருக்கலாம். ஆனால் முல்லர் ஜெபிக்கும் முன்னரே வேலையாட்களை ஒழுங்குசெய்து, நாளும் குறித்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய ஜெபம் கடமையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அவர் குறைகளற்றவர் அல்லர். முறையான திருமணத்தில் பிறந்து, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளையே இல்லத்தில் சேர்த்தார். பெற்றோரின் நிலைக்காகப் பிள்ளையை விலக்கும் அவ்விதியை இன்று ஏற்பது கடினம். மறுபுறம், ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிக் கல்வியளித்து ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆளில்லாமற் செய்கிறார் என்ற குற்றச்சாட்டும் அன்று எழுந்தது. பெண்பிள்ளைகளைப் பதினேழு வயதுவரை வைத்திருந்து பயிற்றுவித்தவர்மீது சுமத்தப்பட்ட அக்குற்றச்சாட்டு இன்று பாராட்டாகவே ஒலிக்கின்றது.

துயரங்களும் அவரை விட்டுவைக்கவில்லை. கைக்குழந்தையான மகன் 1835 இல் இறந்தான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்க்கைத் துணையாக இருந்த மேரி 1870 பெப்ரவரியில் காலமானார். அவருடைய இறுதிச்சடங்கில் முல்லரே பிரசங்கித்தார். எழுபது வயதை நெருங்கியபோது தொடங்கிய பிரசங்கப் பயணங்களில் 42 நாடுகளுக்குச் சென்றார். 1887 இல் புறப்பட்ட நீண்ட பயணத்தில் இலங்கைக்கும் வந்த அவருக்கு, 1890 ஜனவரியில் இந்தியாவில் இருந்தபோது ஒரே மகள் லிடியாவின் மரணச் செய்தி கிடைத்தது. நம்பினால் துன்பம் அணுகாது என்று அவர் ஒருபோதும் போதித்ததில்லை.

1898 மார்ச் 9 ஆம் திகதி மாலை வழமைபோல் ஜெபக்கூட்டத்தை நடத்திய முல்லர், மறுநாட் காலை தமது 92 ஆவது வயதில் மறைந்தார். அதுவரை 10,024 பிள்ளைகள் அவரது பராமரிப்பைப் பெற்றிருந்தனர். அவர் கைகளினூடாகச் சென்ற தொகை ஏறத்தாழ பதினைந்து இலட்சம் பவுண். தமக்கெனக் கிடைத்த அன்பளிப்புகளிலும் சுமார் 81,000 பவுணைக் கொடுத்துவிட்டிருந்தார். எஞ்சியிருந்த சொத்து, வீட்டுத் தளபாடங்கள் உட்பட, 160 பவுண் அளவிலேயே மதிப்பிடப்பட்டது. தந்தைக்குப் பொய்க்கணக்குக் காட்டிய சிறுவன், ஒரு பென்னி நன்கொடையையும் விடாது பதிவுசெய்து பகிரங்கமாகக் கணக்குக் காட்டியவராக விடைபெற்றார்.

தமக்கு விசேட விசுவாச வரம் இருப்பதாகச் சொல்லப்பட்டதை முல்லர் எப்போதும் மறுத்தார். சாவி தொலைந்தாலும் பணம் இல்லாவிட்டாலும் ஒரே முறையில் ஜெபித்ததே தமது பழக்கம் என்றும், சிறிய காரியங்களில் பழகியதாலேயே பெரியவற்றில் நம்ப முடிந்ததென்றும் அவர் விளக்கினார். நாளைய தினத்தைப் பற்றிய அச்சம் எல்லோருக்கும் உண்டு. அவ்வச்சத்தோடு அடையாளம் தேடி அலைவதற்கு முன்னர், காலையில் சிறிது நேரம் அமர்ந்து, தன் விருப்பத்தை ஒதுக்கி, காரணங்களை நிறுத்துப் பார்த்து, பொறுமையுடன் கேட்டுக் காத்திருப்பது எவராலும் முடியும். லொத்தர்ச் சீட்டில் இறைசித்தத்தைத் தேடிய ஓர் இளைஞனால் அதனைக் கற்றுக்கொள்ள முடிந்ததென்றால், ஏனையோராலும் கற்றுக்கொள்ள முடியும்.