புதிய மண்ணுக்குப் பழகிய புனிதர்

தலவில புனித அன்னம்மாளின் திருவிழாக் காலத்தில், மலையகத்தின் குளிரை விட்டு வரும் குடும்பங்கள் பல, கிடுகுக் குடிசைகளிலும் மர நிழலிலும் நாட்கணக்கில் தங்குவதுண்டு. வெயிலும் உப்புக்காற்றும் சுடுமணலும் இரண்டொரு நாளிலேயே உடலைச் சோதித்துவிடும். அவ்வேளையில், இந்தப் புத்தளப் பகுதியில் நமக்கு முன்னே நடந்து திரிந்த புனித யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வை நினைத்துப் பார்ப்பது நலம்.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பிறந்தவர். கோவாவும் வெப்பநாடுதான். ஆனால் அது தென்னையும் நெல்லும் செழித்த, நீர்வளம் மிக்க பூமி. ஆனி முதல் ஆவணி வரை அங்கே மழை கொட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீற்றர் பெய்யும். நமது வடக்கு, வடமேற்குக் கரைகளில் அதன் பாதி மழையும் இல்லை. கோவாவில் மழை பெய்யும் அதே மாதங்களில் இங்கே வறண்ட சோளகக் காற்று வீசும். மழைக்காக ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

ஒல்லாந்தர் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. எனவே அடிகளார் கூலியாள் வேடம் பூண்டு, வெறுங்காலுடன், யோவான் என்னும் இளைஞனைத் துணைக்கொண்டு தூத்துக்குடியில் தோணி ஏறினார். கடலில் அலைக்கழிந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். பசியும் களைப்பும் பழகாத வாழ்க்கையும் சேர்ந்து அவரை வயிற்றுக்கடுப்பில் வீழ்த்தின. நோய் தொற்றும் என்று பலர் அஞ்சி விலகினர். அப்பொழுது இரக்கமுள்ள ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்று அவருடைய வரலாறு கூறுகிறது. இலங்கைக்கு உயிரளிக்க வந்தவர், முதலில் இலங்கையரின் கையால் உயிர் பெற்றார்!

அந்த நோய் அவருக்குப் பாடமாயிற்று. தம் ஊர்ப் பழக்கங்களைப் பிடித்துக்கொண்டிராமல், இவ்வூர் ஏழைகளுள் ஒருவராகவே வாழத் தொடங்கினார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோரை மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர் என அறிந்துகொண்டார். இரவில் திருப்பலி நிறைவேற்றினார். சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர்.

ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றியபின், 1690 அளவில் கண்டியரசைச் சேர்ந்த புத்தளத்துக்கு வந்தார். காடும் களப்பும் கடந்து மக்களைத் தேடினார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, ஒற்றர் எனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். பின்னர் 1696இல் நேர்ந்த கடும் வறட்சியில் அவர் செபிக்க மழை பெய்ததென்றும், அதனால் மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் மனங்கனிந்தானென்றும் மரபு சொல்கிறது. 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று பராமரித்தார். தம்மை ஒருநாள் காத்த அந்தக் கஞ்சியை அவர் மறக்கவில்லை போலும்!

1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாசகர்களே, தலவில வெயிலில் குடிசை போடும்போது ஊர்க்காரரைக் கேட்டு நடங்கள். கொதித்தாறிய நீரைப் பருகுங்கள். உச்சி வெயிலில் நிழலில் இருங்கள். பக்கத்துக் குடிசையில் எவராவது நோயாய்க் கிடந்தால், ஒரு கோப்பைக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தக் கஞ்சி யாரைப் பிழைக்கவைக்கும் என்பதை நாம் அறியோம்.