விமானத்தில் முடிந்த செருப்புக்காரர் வாழ்க்கை

பாட்டா என்றால் நமக்குச் செருப்பு. அது ஓர் ஆளின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியக் கம்பெனி என்றே எண்ணி வாங்குகிறவர்களும் உண்டு.

செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் ஒட்ரோகோவிட்சே என்ற சிற்றூர் இருக்கிறது. மெயின் லைன் ரயில் நிற்பது இங்கேதான். சுமார் 10 கிலோ மீட்டர் தள்ளியுள்ள ஸ்லின் நகருக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கிக் கிளைப் பாதையில் வண்டி மாறவேண்டும். தாமஸ் பாட்டா 1876-ல் பிறந்தது ஸ்லினில். உயிர் விட்டது ஒட்ரோகோவிட்சேயில்.

தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைத்த குடும்பம். 1894-ல் அண்ணன் அந்தோனின், அக்கா அன்னா ஆகியோருடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். மறு வருஷமே கடன் கழுத்தை நெரித்தது. அண்ணன் ராணுவத்துக்குப் போய்விட, பாரம் முழுவதும் தம்பி தலையில் விழுந்தது. தோல் வாங்கக் காசில்லை. கித்தான் துணியை வெட்டிக் காலணி தைத்தார். விலை மலிவு, ஏழைகள் வாங்கினார்கள். கடன் அடைந்தது.

1904-ல் அமெரிக்கா சென்றார். முதலாளி என்று காட்டிக் கொள்ளாமல், லின் என்ற ஊரின் செருப்புத் தொழிற்சாலையில் கூலியாளாக நின்று இயந்திர வேலையைக் கற்றுத் திரும்பினார்.

பெரிய சோதனை 1922-ல் வந்தது. செக் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் வெளிநாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு நிறையச் சரக்கு, வாங்க ஆளில்லை. மற்ற முதலாளிகள் ஆட்களைக் குறைத்தார்கள். பாட்டா செப்டம்பர் மாதம் செருப்பு விலையைச் சரிபாதியாகக் குறைத்தார். அதோடு தொழிலாளர் கூலியிலும் 40 சதவீதத்தை வெட்டினார். பதிலுக்கு உணவும் துணியும் பாதி விலையில் கொடுப்பதாகச் சொன்னார். கூலி வெட்டு என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கடைகளில் கூட்டம் மொய்த்தது. கிடங்கு காலியானது. தொழிற்சாலை ஓடியது, வேலையும் நிலைத்தது.

1923-ல் ஸ்லின் நகரத் தலைவரானார். தொழிலாளருக்குச் சிறு தோட்டத்துடன் செங்கல் வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணக்கு. லாபத்தில் தொழிலாளருக்குப் பங்கு. அதில் பாதியைக் கையில் கொடுத்து மீதியைக் கம்பெனியிலேயே வட்டிக்கு வைத்துக்கொண்டார்கள். தொழிற்சங்கம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. வேலையும் வீடும் ஒருவர் கையிலேயே இருந்தால் வாய் திறப்பது எப்படி என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

ஒட்ரோகோவிட்சேயின் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்சாலையும் விமான தளமும் அமைத்தார். அங்கிருந்து 1931 டிசம்பரில் சொந்த விமானத்தில் கிழக்கே கிளம்பி, கல்கத்தாவையும் பார்த்துத் திரும்பினார். இங்கே கோடிக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடப்பது அவருக்குப் பெரிய சந்தையாகத் தெரிந்தது.

1932 ஜூலை 12 அதிகாலை. சுவிட்சர்லாந்தில் உள்ள மேலின் என்ற ஊருக்குப் புறப்படவேண்டும். கடும் மூடுபனி. பொறுத்திருக்கலாம் என்றார் விமானி. நேரத்தை வீணாக்குவது பாட்டாவுக்குப் பிடிக்காது. கிளம்பிய சில நிமிஷங்களில் விமானம் விழுந்தது. இருவரும் மாண்டனர். பாட்டாவுக்கு வயது 56.

மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி யான் அந்தோனின் பொறுப்பேற்றார். 1934-ல் ஹூக்ளி நதிக்கரையில் பாட்டாநகர் எழுந்தது. ஸ்லின் தொழிற்சாலை 1945-ல் அரசுடைமையாயிற்று. 1949-ல் ஊரின் பெயரையே கோட்வால்டோவ் என்று மாற்றினார்கள். 1990-ல் அது மறுபடியும் ஸ்லின் ஆனது.