கண் இழந்தவர் கண்ட எண்

கணித மேதை ஆய்லர் 1707-ல் ஸ்விட்சர்லாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ருஷியாவுக்கு வேலைக்குப் போன இடத்தில் வலது கண் பார்வை போயிற்று. முதுமையில் இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் அறுவை சிகிச்சை செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே ஆண்டு, பீட்டர்ஸ்பர்க்கில் அவர் குடியிருந்த வீடும் தீக்கு இரையாயிற்று.

அப்போதும் அவர் கணக்கை விடவில்லை!

7, 11 போல, தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். இரண்டை 31 தடவை போட்டுப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரும். இதுவும் பகா எண்தான் என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-ல் சொல்லியிருந்தார். நிரூபிக்கவில்லை.

நிரூபிப்பது லேசா? 46 ஆயிரம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். கண் உள்ளவர்களுக்கே தலை சுற்றும்.

ஆய்லர் ஒரு வழி கண்டார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரவேண்டும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம். மிஞ்சியவை நூறுக்கும் குறைவு! அவற்றில் ஒன்றாலும் அந்த எண் வகுபடவில்லை.

1772-ல் முடிவை அறிவித்தார். அதைவிடப் பெரிய பகா எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஆய்லர் 1783-ல் காலமானார். இறந்த அன்றுகூட, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.