திருத்தணி முதல் ஆக்ஸ்போர்டு வரை: இராதாகிருஷ்ணனும் பவுலிய அனுபூதி குறித்த விவாதமும்

முன்னுரை

அறுபடைவீடுகளுள் ஒன்றான திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வேதாந்தத்தை உலக அரங்கில் விளக்கியவராக அறியப்படுகிறார். அவ்விளக்கம் கிறித்தவ இறையியலோடு அவர் நிகழ்த்திய நெடிய உரையாடலில் உருப்பெற்றது என்பதை அவரது வாழ்வின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கல்வியும் வினாவும்

தெலுங்கு பேசும் குடும்பத்தில் தோன்றிய அவர், திருத்தணியில் தொடக்கக் கல்வி பெற்றபின், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூர் ஊரீசு கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் பயின்றார். உலகைப் பொய்யெனக் கருதும் வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்பது அந்நாளைய சமயப்பணியாளர் பலரது குற்றச்சாட்டு. அது இளைஞரான அவரது நம்பிக்கையை உலுக்கியது. மூலநூல்களை நோக்கியும் திருப்பியது. முதுகலைப் பட்டத்திற்காக எழுதப்பட்டு 1908இல் நூலான வேதாந்த அறவியல் ஆய்வு அவரது முதல் மறுமொழியாகும். கிறித்தவ இறையியலரான அவருடைய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் அவ்வாய்வைப் பாராட்டிச் சான்றளித்தார்.

பவுலின் மடல்களும் சுவைட்சரும்

அதே குற்றச்சாட்டு பின்னர்ப் பவுல் ஆய்வின் வழியாகவும் வலுப்பெற்றது. திருத்தூதர் பவுலின் அனுபூதி பற்றி ஆல்பர்ட் சுவைட்சர் எழுதிய நூல் 1930இல் வெளிவந்தது. நம்பிக்கையால் நீதிமானாக்கப்படுதல் என்பதை லுத்தர் மரபு பவுலின் மையக் கோட்பாடாகக் கொண்டது. சுவைட்சரோ கிறிஸ்துவோடு இறந்து, கிறிஸ்துவோடு உயிர்த்தெழுந்து, அவருள் வாழ்தலே மையம் என்றார். பவுல் கூறுவது கிறிஸ்துவோடு ஒன்றுதலேயன்றி, நேரே கடவுளோடு ஒன்றுதல் அன்று; ஆகவே அது செயலாகவும் அன்பாகவும் மலர்கிறது என்பது அவரது முடிவு. இந்தியச் சிந்தனை பற்றிய 1935ஆம் ஆண்டு நூலில், பரம்பொருளோடு ஒன்றும் அனுபூதி அறத்தைப் பிறப்பிக்காது என்றும், இந்திய மரபின் அடிப்படை உலக மறுப்பே என்றும் அவர் வாதிட்டார்.

இராதாகிருஷ்ணனின் மறுமொழி

1936 முதல் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் பேராசிரியராக விளங்கிய இராதாகிருஷ்ணன், கீழைச் சமயங்களையும் மேலைச் சிந்தனையையும் ஒப்பிட்ட 1939ஆம் ஆண்டு நூலில் சுவைட்சருக்கு விரிவாக விடையளித்தார். மாயை என்பது உலகின் இன்மையைக் குறிக்காது, அதன் சார்புநிலையையே குறிக்கும். கீதை துறக்கச் சொல்வது செயலையன்று, தன்னலத்தை. எல்லா உயிரிலும் ஒரே ஆன்மாவைக் காண்பதே அன்பின் அடித்தளம் என்பன அவர் வாதங்கள். மறுமை நோக்கு கிறித்தவத்திற்கும் உரியது என்பதையும் அவர் சுட்டினார்.

முடிவுரை

1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக இருந்த அவர், 1975 ஏப்ரல் 17 அன்று சென்னையில் மறைந்தார். இறையோடு ஒன்றியவர் அயலாருக்கு எவ்வாறு கடன்பட்டவராவார் என்பதே இவ்விவாதத்தின் உயிர்நிலை. பவுலின் மடல்களைப் பயில்வோரும் உபநிடதங்களைப் பயில்வோரும் ஒருங்கே விடை காணவேண்டிய வினா அது.