டீசல் முடிக்காமல் போன எண்ணெய்க் கணக்கு

கோட்டைப்பட்டினம் விசைப்படகுத் துறையில் 'டீசல்' என்ற சொல் ஒரு நாளில் எத்தனை முறை உச்சரிக்கப்படுகிறது என்று எண்ணி முடியாது. கடலுக்குச் செல்லும் செலவில் பெரும்பங்கு அதுதான். வலை வெறுமையாகத் திரும்பும் நாளில் முதலில் நெஞ்சை அழுத்தும் கடனும் அதுதான். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பலருக்கு நினைவில்லை. அவருடைய இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பதும், அவர் கடலில்தான் மறைந்தார் என்பதும் அதைவிடக் குறைவாகவே அறியப்பட்டவை.

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் தேதி பாரீஸில், ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை தோல்பொருள்கள் செய்து விற்றவர். 1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதாலேயே அக்குடும்பம் பாரீஸை விட்டு லண்டனுக்கு வெளியேற வேண்டியதாயிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அகதியாகச் சென்ற அந்த ஊரில்தான் பின்னாளில் அவருடைய இயந்திரம் பிறந்தது.

மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் லிண்டே. நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்பதை அவருடைய வகுப்பில் கேட்ட மாணவர், அதை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1880-இல் உயர்ந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்று, லிண்டேயின் குளிர்பதன நிறுவனத்திலேயே பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்று உண்டு. நீராவி இயந்திரம் பெருமுதலாளிக்கே கட்டுப்படியானது. அதனால் நெசவாளியும் தச்சரும் ஆலைக்கு முன் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சிறு பட்டறைக்காரரும் வாங்கத்தக்க சிக்கனமான இயந்திரம் வந்தால் தொழில் மீண்டும் ஊர்தோறும் பரவும் என்று டீசல் நம்பினார். 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு தம் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும் க்ரூப் நிறுவனமும் துணை நின்றன.

1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் ஆலையில் முதல் சோதனை நடந்தது. உருளைக்குள் எரிபொருள் பற்றிக்கொண்டது. அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இந்த நாளைத்தான் உலக உயிரி எரிபொருள் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்று அவர் இயந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று ஆண்டுதோறும் எழுதப்படுவது பிழை. அன்று பற்றியது பெட்ரோலிய எரிபொருள். இயந்திரம் சரியாக ஓடவும் இல்லை. மேலும் நான்கு ஆண்டுகள் உழைத்த பின்னரே, 1897 பிப்ரவரியில், மியூனிக் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதைச் சோதித்து, எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதம் வேலையாக மாறுகிறது என்று சான்றளித்தார்.

கடலை எண்ணெய் வந்தது 1900-ஆம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில். ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் நிலக்கடலை விளைந்ததால், அங்கேயே கிடைக்கும் எண்ணெயில் இயந்திரம் ஓடுமா என்று அறிய பிரெஞ்சு அரசு விரும்பியது. ஓட்டோ நிறுவனம் காட்சிக்கு வைத்த சிறிய டீசல் இயந்திரம் எந்த மாற்றமும் இன்றி அந்த எண்ணெயில் ஓடியது; பார்வையாளர்களில் மிகச் சிலரே அதைக் கவனித்தனர். அந்நாளில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்தும் மார்செய் ஆலைகளுக்கு நிலக்கடலை கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. நம் கரையில் மட்டும் அதை எரிபொருளாக எண்ணிப் பார்த்தவர் இல்லை.

புகழோடு பணமும் வந்தது, ஆனால் தங்கவில்லை. உரிமைகளை விற்றுப் பெற்ற செல்வம் நிலத்திலும் எண்ணெய்க் கிணறுகளிலும் செய்த முதலீடுகளில் கரைந்தது. காப்புரிமை வழக்குகளும் ஓயாத உழைப்பும் உடல்நலத்தைக் குலைத்தன. 1903-இல் அவர் 'சாலிடாரிஸ்முஸ்' என்ற நூலை எழுதினார். தொழிலாளர்கள் சிறுசிறு தொகை சேர்த்துப் பொது நிதி உருவாக்கி, தாங்களே ஆலைகளுக்கு உரிமையாளர்களாக வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாயிரம் படிகள் அச்சிட்டதில் சில நூறே விற்றன. இயந்திரத்தைவிட இந்தச் சிந்தனையே தம் பெரிய சாதனை என்று அவர் கருதியதாகச் சொல்வார்கள். பொருளியல் பாட நூல்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

1912-இல், முதல் பெரும் டீசல் கப்பலான டென்மார்க்கின் செலாண்டியா தன் முதல் பயணத்தைத் தொடங்கிய ஆண்டில், அவர் தாவர எண்ணெய்களைப் பற்றி மீண்டும் பேசினார். இன்று அற்பமாகத் தோன்றினாலும், ஒரு காலத்தில் அவை பெட்ரோலியத்துக்கு நிகரான இடம்பெறக்கூடும் என்பது அவர் கணிப்பு. அதற்கடுத்த ஆண்டு, செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து சென்ற டிரெஸ்டன் கப்பலில் உணவருந்திவிட்டுத் தம் அறைக்குச் சென்றவர், காலையில் இல்லை. பத்து நாள்களுக்குப் பின் ஒரு டச்சுப் படகினர் கடலில் ஓர் உடலைக் கண்டு, சட்டைப்பையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைக் கடலிலேயே விட்டனர். அவை தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். கொலை என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். கணக்குகளைப் பார்த்தபோது கையில் எஞ்சியிருந்தது கடன்தான். எனக்கு அதுவே போதுமான விளக்கமாகப் படுகிறது.

பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால் பிற்கால டீசல் இயந்திரங்கள் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டன. கெட்டியான தாவர எண்ணெய் அவற்றின் தூவிகளை அடைத்தது. 1937-இல் பெல்ஜியத்தின் ஷவான் என்ற அறிவியலாளர் அதற்கு வழி கண்டார். எண்ணெயோடு ஆல்கஹாலைச் சேர்த்து வினைபுரியச் செய்தால் கிளிசரின் பிரிந்துவிடும். எஞ்சுவது டீசல் போன்றே நெகிழ்ந்தோடும் எரிபொருள். இன்றைய பயோடீசல் அதுவே. பொரித்துக் கறுத்த எண்ணெயிலும் இது நடக்கும். நீரையும் துணுக்குகளையும் நீக்கி, ஏறியிருக்கும் அமிலத்தைக் குறைத்தாக வேண்டும். இல்லையேல் பாதி சோப்பாகிவிடும்.

இந்தியாவில் 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பயன்படுத்திய சமையல் எண்ணெயைப் பயோடீசலாக்கும் ரூகோ திட்டத்தைத் தொடங்கியது. 2019-இல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் அத்தகைய பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தன. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை.

தடை வேதியியலில் இல்லை, விலையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கே பதிவேடு கட்டாயம். கடற்கரைச் சாலையோரத்து மீன் வறுவல் கடையும் வடைக்கடையும் அந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பெரிய கடையில் கழிந்த எண்ணெயைச் சிறிய கடை, புது எண்ணெயைவிட மலிவு என்பதால், நல்ல விலைக்கே வாங்கிக்கொள்கிறது. சேகரிப்பவரோ இரண்டு லிட்டருக்காக வண்டியை நிறுத்தி, கொண்டுசெல்லும் செலவும் ஆலைச் செலவும் போக விலை சொல்ல வேண்டும். வடைக்கடையிடம் அவர் தோற்கிறார்; அந்த எண்ணெய் மீண்டும் நம் இலைக்கே வருகிறது.

கோட்டைப்பட்டினத்துக் கடைகளின் எண்ணெயை எல்லாம் திரட்டினாலும் அங்குள்ள படகுகளுக்குப் போதாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறந்தாங்கியையும் புதுக்கோட்டையையும் சேர்த்தாலும் டீசலில் ஒரு சிறு பங்குக் கலப்புக்கே அது உதவும். ஆனால் டீசலை வாங்குபவரும் மீனைப் பொரிப்பவரும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே உறவுக்குள் இருக்கிறார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கமே கடைகளிலிருந்து எண்ணெயைப் பெற்று, மொத்தமாக ஆலைக்குக் கொடுத்து, ஈடாகக் கிடைப்பதை உறுப்பினர்களின் டீசல் கணக்கில் வரவு வைக்கலாம். சேகரிப்புச் செலவைச் சில ஆண்டுகளுக்கு அரசு ஏற்றால், வடைக்கடை தரும் விலையைச் சங்கமும் தர முடியும்.